கேளாது கொடுத்த பரிசில்

கடல் கடந்த இசைவாணர் சிலரைக் குறித்து ஒரு மதிப்பீடு

நம் அலுவலகப் பிரிவில் இரண்டு மேசை தள்ளி அமர்ந்து பணிபுரியும் நண்பர் ஒருவர், சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு நாள், மதிய உணவு டப்பாவைத் திறக்காமலே நம் எதிரில் வந்து அமர்ந்தார். பூர்வீகம் கும்பகோணத்துப் பக்கம். தலைநகருக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன, ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் வாசம். அவருடைய மகன் பொறியியல் படிப்பை முடித்தவன். பன்னிரண்டு ஆண்டுகளாக வயலின் பயின்று வருபவன். வேலை ஒன்றும் வேண்டாம், அமெரிக்கா சென்று இசையையே கற்று, இசையையே தொழிலாகக் கொண்டு அங்கேயே வாழப் போகிறேன் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டானாம்.

"சார், நீங்கள் பாட்டுக் கேட்கிறவர், மலரில் கட்டுரையெல்லாம் எழுதுகிறவர். இவன் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல நம்மால் இயலவில்லை. போ என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு கரையக்கூடும். வேண்டாம் என்று சொன்னால் ஓர் இளைஞனின் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அலமாரிக்குள் போய்விடக்கூடும். ஆகவே, அவனுக்கு முன்பே அவ்வழியில் நடந்தவர்களின் இசையை மீண்டும் ஒருமுறை உட்கார்ந்து கேட்டோம். அவர்தம் வரலாற்றையும் புரட்டினோம். அதன் பயனாக எழுந்ததே இக்கட்டுரை. நண்பருக்கு நாம் கடன்பட்ட விடை இது. மக்கள் எங்கெங்கோ செல்ல விரும்பும் காலத்தில் வாழும் பிற பெற்றோர்க்கும் பயன்படலாம் என்பது நம் எண்ணம்.

இசையைப் பிழைப்பாகக் கொண்டு நாடு விட்டு நாடு செல்லுதல் தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்றை விலக்கினால், ஏனைய நான்கும் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் புரவலர்பால் வழிப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்கு வழி சொல்கிறான். இன்ன நிலத்தில் இன்ன உணவு கிடைக்கும், இன்ன வழியில் இன்ன இடர் உண்டு, இன்ன வேந்தனிடம் சென்றால் இவ்வாறு வரவேற்பான் என்று விரித்துரைக்கிறான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் விடைபெறும் பொருநனின் பின்னே ஏழடி நடந்து சென்று வழியனுப்பும் காட்சியை அறியாத தமிழாசிரியர் இலர்.

ஆயினும் அந்தப் பயணத்திற்கும் இன்றைய பயணத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அன்றைய பாணன் வேற்று வேந்தனை நாடிச் சென்றான். வேற்றுச் செவியை நாடிச் செல்லவில்லை. நல்லியக்கோடன் அவையிலும் நன்னன் அவையிலும் யாழை மீட்டினால், பண் தவறிய இடம் கேட்பவனுக்குத் தெரியும். பரிசிலின் மதிப்பு பொன்னின் எடையில் மட்டும் இல்லை. கொடுப்பவன் கேட்கத் தெரிந்தவன் என்பதிலும் இருந்தது.

இதை நம் முன்னோர் எவ்வளவு கூர்மையாக உணர்ந்திருந்தனர் என்பதற்குப் புறநானூற்றின் 208ஆம் பாட்டே சான்று. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அவனோ நேரில் காணாமல், பொருளை மட்டும் அனுப்பி வைத்தான். புலவர் அதனைப் பெற மறுத்தார். தம்மைப் பாராமலே கொடுத்த பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றார். தம் புலமையின் அளவை உணர்ந்து கொடுத்தால் மிகச் சிறியதும் தமக்கு இனிது என்பது அவர் கொள்கை. வறுமை வாட்டிய புலவர் இவ்வாறு சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.

கடல் கடந்த இசைவாணரை மதிப்பிட இதனினும் சிறந்த அளவுகோல் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் எத்தனை நாடுகளில் வாசித்தார், எவ்வளவு பொருள் ஈட்டினார், எத்தனை விருது பெற்றார் என்பன பின்னால் வர வேண்டிய வினாக்கள். அவர் பெற்ற பரிசில் கேட்டுக் கொடுத்ததா, கேளாது கொடுத்ததா என்பதே முதல் வினா. கேட்டுக் கொடுத்தார்கள் என்பதற்கு என்ன அடையாளம்? பிழை நேர்ந்தால் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தம் பிழையைச் சுட்டத் தெரிந்த ஒருவரையேனும் அந்நாட்டில் உருவாக்கியவரே, அங்கே இசையை ஊன்றியவர் ஆவார்.

இவ்வளவுகோலைக் கையில் எடுத்தவுடன் நினைவிற்கு வருவது 1971 ஆகஸ்டு 1ஆம் நாள் நியூயார்க் நகரத்து மேடிசன் ஸ்குயர் கார்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சி. வங்கதேசத்து அகதிகளின் துயர் துடைக்க ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் கூட்டிய கச்சேரி அது. சிதாருடன் ரவிசங்கர், சரோடுடன் அலி அக்பர் கான், தபலாவுடன் அல்லா ரக்கா அமர்ந்தனர். கருவிகளைச் சுருதி சேர்த்து நிறுத்தினர். அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது! சுருதி சேர்த்ததையே வாசிப்பு என்று கருதிவிட்டனர் மக்கள். இதுவே இவ்வளவு பிடித்ததெனில், வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் புன்னகையோடு சொல்லித் தொடர்ந்தார். அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டைக் கேட்பவர் எவரும் அக்கைதட்டலை இன்றும் கேட்கலாம்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர் பலர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நோக்கத்தோடும் நல்ல மனத்தோடும் வந்த மக்கள் கொடுத்த பரிசில் அது. ஆயினும் கேளாது கொடுத்தது. அதை முற்றும் உணர்ந்தவர் ரவிசங்கரே. அவரும் ஒரு காலத்தில் நம்மைப் போல இத்தலைநகரில் மத்திய அரசின் ஊதியம் பெற்றவர். 1949 முதல் 1956 வரை அகில இந்திய வானொலியில் இசைப் பொறுப்பில் இருந்தார். அப்பணியைத் துறந்தே மேலைநாடுகளுக்குச் சென்றார். 1967இல் மாண்டரே விழாவிலும் 1969இல் வுட்ஸ்டாக் விழாவிலும் பெருங்கூட்டத்தின்முன் வாசித்தார். புகழ் உச்சியில் இருந்த அந்நாளிலேயே அத்தகைய விழாக்களின் போதையும் ஆரவாரமும் தம் இசைக்கு ஒவ்வாதன என்று வெளிப்படையாகச் சொல்லி விலகத் தொடங்கினார். 1967இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் கின்னரா இசைப்பள்ளியின் கிளையையும் தொடங்கினார். அதே ஆண்டில் கலிபோர்னியாவில் கல்லூரி தொடங்கிய அலி அக்பர் கானோ, பின்னர் சான் ரஃபேலுக்கு மாறிய அக்கல்லூரியில், 2009இல் மறையும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து பாடம் சொன்னார். ஒரே ஆசானின் மாணவரும் மகனுமாகிய இவ்விருவரும், செவிகளை உருவாக்காமல் இசைக்கு வாழ்வில்லை என்ற முடிவிற்கு வந்தனர் என்றே நாம் கொள்கிறோம்.

இனி நம் கருநாடக இசைக்கு வருவோம். வீணை தனம்மாள் என்ற பெயரை நம் இல்லங்களில் முதியோர் இன்றும் குரலைத் தாழ்த்தியே சொல்வர். 1867இல் பிறந்து 1938இல் மறைந்த அம்மேதை, சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். பெரும் வித்துவான்களே அங்குச் சென்று ஓசையின்றி அமர்ந்து கேட்பர். பெருங்கூட்டத்திற்கான இசையன்று அது, விரைவிற்கு இடமில்லாதது, ஒரு பதத்தின் ஒரு சொல்லை நான்கு வகையாக வருடிக் காட்டுவது. அவர்தம் பேரர்களே பிருந்தா, முக்தா, நாட்டியமேதை பாலசரஸ்வதி, மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விசுவநாதன் ஆகியோர்.

இக்குடும்பத்தின் கலை சென்னையில் எவ்வளவு மதிக்கப்பட்டதோ, அவ்வளவு ஆதரிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. ஒலிபெருக்கியும் பெரிய சபாக்களும் வந்தபின் விரைவும் முழக்கமுமே விலைபோயின. இசை வேளாளர் மரபில் வந்த பெண்டிரை ஊர் பார்த்த பார்வை வேறு இருந்தது. பாலசரஸ்வதிக்குத் தாயகத்தில் மேடை அரிதாகிய காலமும் ஒன்று உண்டு. 1962இல் அவர் முதன்முறையாக அமெரிக்கா சென்று ஆடியபோது அந்நாட்டு நாட்டியக் கலைஞரும் விமரிசகரும் வியந்து நின்றனர். 1963இல் ரங்கநாதன் கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்க ஆசிரியராக அமர்ந்தார். அவரிடமே மிருதங்கம் பயின்ற ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க அறிஞர் அங்கே பிறநாட்டு இசைகளுக்கென ஒரு துறையை வளர்த்து வந்தார். விசுவநாதன் 1958இலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சென்று ஆய்ந்தவர். இடையில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கியவர். மீண்டும் கலிபோர்னியா சென்று, 1975இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியராக நிலைத்தார். பிருந்தாவும் சியாட்டில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார்.

கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஜார்ஜ் டவுனில் தனம்மாள் வீட்டுக் கூடத்தில் இருந்தது எதுவோ, அதுவே மிடில்டவுன் வகுப்பறையில் மீண்டும் அமைந்தது. சிறு கூட்டம், அமைதி, திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை. இசைத்தட்டு வணிகம் புதுமையைக் கேட்கும். வகுப்பறையோ, உன் பாட்டி எப்படிப் பாடினாளோ அப்படியே பாடிக் காட்டு என்று கேட்கும். தாயகத்துச் சந்தையில் மெலிந்துகொண்டிருந்த ஒரு மரபுக்கு அயல்நாட்டு வகுப்பறை சோறிட்டது. இதைப் பெருமையாகச் சொல்வதா, நாணத்தோடு சொல்வதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

விசுவநாதனின் குழலிசையைப் பற்றி நம் கருத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் பாட்டின் ஓர் அடியைக் குழலில் வாசிப்பார். அடுத்த கணம் குழலை இறக்கி அதே அடியை வாயாற் பாடுவார். முதன்முறை கேட்டபோது இது நமக்கு இடையூறாகவே பட்டது. ஓடும் வாய்க்காலை ஆங்காங்கே மடைகட்டி நிறுத்துவானேன் என்று எண்ணினோம். மூன்றாம் முறை கேட்கையில்தான் காரணம் விளங்கிற்று. குழலில் வரும் ஒவ்வொரு வளைவும் ஓர் எழுத்தைச் சுமந்து வருகிறது. துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து அவர் எழுப்பும் அசைவு, பாடலில் உள்ள உயிரெழுத்தின் நீட்டமே. இதனைத் தெலுங்கும் தமிழும் அறியாத மாணவனுக்கு எவ்வாறு உணர்த்துவது? பாடியும் வாசித்தும் மாற்றி மாற்றிக் காட்டுவதொன்றே வழி. அவருடைய ஆசிரியப் பணியே அவருடைய கச்சேரி முறையைச் செம்மை செய்தது என்பது நம் துணிபு. விரைவான கற்பனாசுர மழையை எதிர்பார்ப்பவர்க்கு அவர் வாசிப்பு ஏமாற்றம் தரலாம். ஒரு பதத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல் வாசிக்கும் இடங்களில் அவரை ஒப்பார் மிகச் சிலரே. 1988இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியது. 1992இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருதும் வந்தது. இரண்டுமே கேட்டுக் கொடுத்த பரிசில்கள். 2002இல் அவர் மறைந்தார்.

விளைவு என்ன என்று கேட்பவர்க்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும்: ஜான் ஹிக்கின்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் 1939இல் பிறந்து, வெஸ்லியனில் பயின்று, அங்கே நம் இசையைக் கேட்டு, 1964இல் புல்பிரைட் உதவித்தொகையில் சென்னை வந்து விசுவநாதனிடம் பாடம் கேட்டவர். குறுகிய காலத்திலேயே திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையில் பாடினார். தமிழ் மக்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தனர். இவரும் அயல்நாட்டில் இசை தேடிப் போனவரே. திசை மட்டும் வேறு. நண்பரின் மகன் செல்ல விரும்பும் நாட்டிலிருந்து நம் நாட்டிற்கு வந்தவர். அவர் வந்தமர்ந்தது பிழை கண்டுபிடிப்பதில் பெயர்பெற்ற சென்னை ரசிகர்முன் என்பதை நினைக்க வேண்டும்.

அவருடைய பதிவுகளை இப்போது கேட்கும்போது நமக்குத் தோன்றுவது இது. இராக ஆலாபனையில் அவர் பிறர் வீட்டில் நடப்பவர்போல் எச்சரிக்கையாக அடியெடுத்து வைக்கிறார். எங்கும் இடறவில்லை, எங்கும் ஓடவும் இல்லை. ஆனால் பதங்களிலும், பாலசரஸ்வதியின் அபிநயத்தால் புகழ்பெற்ற வியாசராயரின் யமுனாகல்யாணிப் பாடலிலும் அவ்வெச்சரிக்கை கரைந்துபோகிறது. அங்கே அவர் விருந்தினர் அல்லர், வீட்டுப் பிள்ளை. வெள்ளைக்காரர் பாடுகிறாரே என்ற வியப்பில் கைதட்டியவர்கள் அவருக்குக் கொடுத்ததும் கேளாது கொடுத்த பரிசில்தான். அவ்வியப்பு அடங்கிய பின்னும் அவர் பாட்டு நிற்கிறது என்பதே அவர் பெற்ற வெற்றி. பரதநாட்டிய இசையை ஆராய்ந்து 1973இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், அதற்கு முன்பே, 1971இல், கனடாவின் டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து இந்திய இசைப் பயிற்சியைத் தொடங்கியிருந்தார். 1984 டிசம்பரில், நாற்பத்தைந்தே வயதில், மிடில்டவுனில் சாலை விபத்தில் மாண்டார். பாலசரஸ்வதி மறைந்ததும் அவ்வாண்டு பிப்ரவரியில்தான். ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன் பின்னாளில் அதே வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்தார். 2008இல் சொற்கட்டுகளைப் பற்றி நூலும் வெளியிட்டார். மரம் ஊன்றியவர் போனபின்னும் கனி தந்துகொண்டிருக்கிறது.

அப்படியாயின் வணிக இசையுலகமே வேண்டாமா, எல்லோரும் ஆசிரியராகவே போக வேண்டுமா என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. அதற்கு விடையாகச் 'சக்தி' குழுவை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கிதார் வித்துவான் ஜான் மெக்லாலின், சென்னை வயலின் வித்துவான் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோர் சேர்ந்த குழு இது. முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நேரடியாகப் பதிவாகி, 1976இல் கொலம்பியா நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. அதில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாடு ராகவன். அவரும் வெஸ்லியன் ஆசிரியரே. சங்கர் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர். மெக்லாலினோ அங்கே டாக்டர் எஸ்.இராமநாதனிடம் வீணை கற்றவர். வணிக மேடையில் மின்னலெனத் தோன்றிய சக்தியும் அந்த வகுப்பறை வாசல் வழியாகவே வந்தது!

சக்தியின் இசையில் நம்மைக் கவர்வது அதன் லயக்கட்டு. நால்வரும் ஒரு கோர்வையை நோக்கி விரையும்போது ஒருவர் அரை மாத்திரை பிசகினாலும் மற்ற மூவருக்கும் தெரியும். அத்தெரிவே அவர்கள் வாசிப்பிற்கு உயிர். கேட்பவர்க்குத் தெரியாவிட்டாலும் குழுவிற்குள்ளேயே பிழை காணும் செவிகள் மூன்று இருந்தன. நாம் அதில் தேடிக் காணாதது விளம்பம். சௌக்கமான உருப்படிகள் சில உண்டு. அவை மெட்டின் இனிமையோடு நின்றுவிடுகின்றன. ஓர் இராகத்தை மெல்ல மெல்லத் திறந்து காட்டும் துணிவு அங்கு இல்லை. பல்லாயிரவர் முன்னே மெதுவாக வாசிக்க நெஞ்சுரம் வேண்டும். அவ்வுரத்தைக் கேட்பவர்தாம் தர வேண்டும். அக்குழு 1978இல் கலைந்தது. பின்னர் அதே சங்கர், தாம் வடிவமைத்த பத்துத் தந்தி இரட்டை வயலினில், உமையாள்புரம் சிவராமன் மிருதங்கமும் ஜாகிர் உசேன் தபலாவும் வாசிக்க, இராகம் தானம் பல்லவியை ஜெர்மானிய நிறுவனமான இ.சி.எம். வாயிலாக வெளியிட்டார். அதில் விளம்பம் உண்டு, பொறுமை உண்டு. சந்தையிலும் இது இயலும் என்பதற்கு அதுவே சான்று. எனினும் முந்தையதைக் கேட்டவர்களில் சிறு பகுதியினரே இதைக் கேட்டிருப்பர் என்று ஊகிக்கலாம்.

சக்தி மீண்டும் கூடி 2023இல் வெளியிட்ட இசைத்தொகுப்பிற்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. விநாயகராமின் மகன் செல்வகணேஷ் அதில் தாளக் கருவிகள் வாசித்தவர். அவ்வாண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன் சான் பிரான்சிஸ்கோவில் மறைந்தார். ஐம்பதாண்டு நிலைத்த ஒரு முயற்சியை வெறும் கலப்படம் என்று ஒதுக்குதல் அறியாமை.

கோப்புகளோடு காலங்கழிக்கும் நமக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்கா கலைஞர்க்கு வழங்கும் விசாக்களுள் ஓ-1 என்பது அரிய சாதனையைச் சான்றுகளால் நிறுவியவர்க்கு உரியது. பி-3 என்பது தம் பண்பாட்டிற்கே உரிய கலையை நிகழ்த்தவோ கற்பிக்கவோ வருவோர்க்கு உரியது. அங்குள்ள ஒருவர் முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். அரசாணையின் வறண்ட மொழியில்கூடக் 'கற்பித்தல்' என்ற சொல் ஏறியிருப்பது, முன்சென்ற ஆசிரியர்கள் வகுத்த பாதையை நமக்கு நினைவூட்டிற்று. மாணவனாகச் செல்பவன் படிப்பு முடிந்ததும் இத்தகைய வாயில் ஒன்றைத் தேடியாக வேண்டும். தகுதி மட்டும் போதாது, தாள்களும் வேண்டும். பல்கலைக்கழக இசைப் பணியிடங்கள் மிகச் சில என்பதையும் பெற்றோர் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் எழுதியபின், நம் வீட்டுக் கதை ஒன்றை மறைத்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். நண்பர் நம்மைக் கேட்பதற்குச் சில மாதங்கள் முன்னர், நம் பகுதிப் பொங்கல் விழாவில் அவர் மகனின் வயலின் இருந்தது. தலைநகரத்துத் தை மாதக் குளிரைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உருப்படியின் நடுவே ஒரு தந்தி இறங்கிவிட்டது. அவன் நிறுத்திச் சரிசெய்யவில்லை. அப்படியே வாசித்து முடித்தான். அவையில் முந்நூறு பேர் இருந்தோம். பலத்த கைதட்டல். பொன்னாடை போர்த்தினோம். குழந்தை எவ்வளவு அழகாக வாசித்தது என்று தாய்மார் மகிழ்ந்தனர். தந்தி இறங்கியது நமக்குத் தெரிந்தது, நாமும் கைதட்டினோம்.

நியூயார்க்கில் சுருதி சேர்த்ததற்கே கைதட்டினார்கள். இங்கே சுருதி சேராததற்கும் கைதட்டினோம். அவர்கள் அறியாமல் செய்தார்கள். நாம் அறிந்தே செய்தோம். நம் பிள்ளைகள் தமிழ் பேசுவதே அரிது, அதில் பாட்டும் கற்கிறார்களே, குறை சொன்னால் மனம் முறிந்துவிடும் என்ற அன்பே இதற்குக் காரணம். அன்புதான், ஆயினும் அப்பிள்ளைகளுக்கு நாம் கொடுத்துவந்தது கேளாது கொடுத்த பரிசில். 1978 முதல் ஆண்டுதோறும் தியாகராசர் ஆராதனை நடத்தும் கிளீவ்லாந்து நகரத்து நம்மவர், இளையோர்க்கு நடுவர் முன்னிலையில் போட்டியும் வைக்கிறார்கள். பிள்ளைகளைப் பாராட்டுவதோடு அளந்தும் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நண்பரிடம் இதை அப்படியே சொன்னோம். அவர் முகம் வாடியது. அடுத்த ஞாயிறு மாலை அவர் மகன் வயலின் பெட்டியோடு நம் வீட்டிற்கு வந்தான். "எந்த இடம் மாமா?" என்று கேட்டான். சொன்னோம். "வாசிக்கும்போதே தெரிந்தது. நிறுத்தினால் அப்பாவுக்கு அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றான். பிறகு பெட்டியைத் திறந்து, நெடுநேரம் பொறுமையாகச் சுருதி சேர்த்துவிட்டு அவ்வுருப்படியை வாசித்தான். சரணத்தில் ஓரிடம் நமக்கு நிறைவாக இல்லை, அதையும் சொன்னோம். மீண்டும் வாசித்தான்.

நண்பர் கேட்ட ஒரு சொல் விடையை அன்றிரவே தொலைபேசியில் சொன்னோம்: போகட்டும். ஆனால் போகுமுன் ஓராண்டு, கைதட்டாத ஓர் ஆசிரியரிடம் உட்காரட்டும். மார்கழியில் சென்னை சென்று, பெரிய பெயர்களின் கச்சேரிகளோடு மதிய வேளைச் சிறு கச்சேரிகளையும் கேட்கட்டும். சென்ற இடத்தில் முதலில் மேடையைத் தேடாமல், தன் பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு செவியைத் தேடட்டும். இல்லையெனில் ஒருவருக்கேனும் கற்பித்து அச்செவியைத் தானே உருவாக்கட்டும். பொருள் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். அதற்கு உறுதி சொல்ல நாம் யார்? அவன் எங்கே வாசித்தாலும் தந்தி இறங்கினால் நிறுத்திச் சேர்ப்பான் என்ற நம்பிக்கை மட்டும் நமக்கு வந்திருக்கிறது.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வரும் பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் மேடையேறுவர். கைதட்டுவோம், ஆனால் கேட்டுவிட்டுக் கைதட்டுவோம். கச்சேரி முடிந்தபின் பிள்ளையைத் தனியே அழைத்து, எந்த இடம் நன்றாக இருந்தது, எந்த இடம் இல்லை என்று இரண்டு சொல் சொல்வோம்.